ஆஃபர் லெட்டரில் எழுதாத செலவு: சேலத்திலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் முன்

வெளிநாட்டில் படிக்க எவ்வளவு ஆகும் என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கல்லூரிக் கட்டணத்தைத்தான். ஆஃபர் லெட்டரில் அச்சாகியிருக்கும் தொகை அது. அன்றைய டாலர் விலையாலோ பவுண்டு விலையாலோ அதைப் பெருக்கி, "இருபது லட்சம் புரட்டினால் போதும்" என்று வீட்டில் பேசி முடித்துவிடுகிறார்கள். விசா நெருங்கும்போதுதான் இன்னொரு பத்துப் பன்னிரண்டு லட்சம் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று தெரியவரும். அப்புறம் கைமாற்று, நகை அடகு, மீட்டர் வட்டி என்று ஓட்டம் தொடங்கிவிடும். பல குடும்பங்கள் அடிபடுவது இந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். மொத்தத் தொகை பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பணம், எந்தத் தேதியில், யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. சரியான கல்லூரியைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தத் தேதிக் கணக்குக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டியதும் கையைவிட்டுப் போகும் பணம் ஒன்று: விண்ணப்பக் கட்டணம், டியூஷன், விசா, காப்பீடு, டிக்கெட். இன்னொன்று, "அங்கே சாப்பிட்டுத் தங்க எனக்கு வசதி இருக்கிறது" என்று அந்த நாட்டு அரசுக்குக் காட்ட வேண்டிய பணம். இது உடனே செலவாவதில்லை. ஆனால் விசாவுக்கு முன்னால் முழுசாக இருந்தாக வேண்டும். குடும்பங்கள் தடுமாறுவது இந்த இரண்டாவது வகையில்தான்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். லண்டனுக்கு வெளியே ஓராண்டு முதுநிலைப் படிப்பு, கட்டணம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பவுண்டு 120 ரூபாய் என்றால் 21.6 லட்சம். வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. லண்டன் என்றால் 1,529. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு, அதாவது 12.6 லட்சத்துக்கு மேல். அங்கே அரசு மருத்துவ சேவைக்காக முன்கூட்டியே கட்டும் தொகை மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கான விசா பொதுவாகப் படிப்பு முடிந்தும் நான்கு மாதம் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக் கணக்காகி 1,164 பவுண்டு வரும். அதுவே 1.4 லட்சம். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. இவ்வளவையும் கூட்டினால் 36 லட்சத்தைத் தாண்டுகிறது. டிக்கெட், காசநோய்ப் பரிசோதனை, குளிருக்கான உடுப்பு, அறைக்கு முன்பணம் எல்லாம் இதற்கு மேல். வீட்டில் பேசியதோ இருபது லட்சம்.

இதில் இன்னொரு சிக்கல். காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாட்களுக்குள் வர வேண்டும். கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோதான் இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் வேண்டும். நம் ஊரில் பிள்ளையின் படிப்புக்குப் பெரியப்பாவும் தாய்மாமனும் முன்வந்து நிற்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் மாமாவின் வைப்புநிதி ரசீதை பிரிட்டன் விசா அதிகாரி ஏற்க மாட்டார். மாமா உதவுவதாக இருந்தால், அந்தப் பணம் 28 நாளுக்கு முன்பே அப்பாவின் கணக்குக்கு வந்து சேர வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே உறவினர் ஸ்பான்சராக இருக்கலாம், முதலாண்டுச் செலவுக்கு வழி காட்டினால், விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தரும். இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம் இருப்பதால், பக்கத்து வீட்டுப் பையன் போனபோது நடந்ததை நம்பி இறங்கக் கூடாது.

இந்த 28 நாள் பணத்தை வட்டிக்குத் தருகிறேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குப் பத்து லட்சம் கணக்கில் போடுவார்கள், கமிஷன் எடுத்துக்கொண்டு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பொய்யான நிதி ஆவணம் என்று முடிவானால் பத்தாண்டு வரை பிரிட்டன் விசா மறுக்கப்படலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பணம் உண்மையிலேயே தேவை. பிள்ளை அங்கே இறங்கிய முதல் மாதமே வாடகை கேட்பார்கள். காட்டிய பணம் அன்றைக்குக் கையில் இருக்காது.

ஜெர்மனியில் இந்த ஏமாற்றுக்கே இடம் வைக்கவில்லை. முடக்கக் கணக்கு என்ற ஏற்பாட்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் மாணவருக்கே திரும்பி வரும். ஆக, இது கட்டணம் இல்லை, பிள்ளையின் ஓராண்டுச் சாப்பாடும் வாடகையும்தான். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற பேச்சு பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகைதான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றுக்கு 18,000 ரூபாய் தனி.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு 2025 செப்டம்பர் முதல், டியூஷன் போக 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். 2023 வரை இது 10,000 தான். ஆஸ்திரேலியாவில் 29,710 ஆஸ்திரேலிய டாலர். விசாக் கட்டணம் மட்டும் 2,000, மறுத்தால் திரும்ப வராது. அயர்லாந்துக்கு 10,000 யூரோ. அமெரிக்காவுக்கு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலானவர்களுக்கு விடை கல்விக் கடன். இங்கேதான் சேலம் மாவட்டத்துக் குடும்பங்களின் நிலைமையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தரலாம். அதற்கு மேல் போனால் அரசு வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். வெளிநாட்டுப் படிப்பு பெரும்பாலும் 7.5 லட்சத்துக்குள் அடங்காது, ஆகவே பேச்சு நேராகச் சொத்துக்கு வந்துவிடும். வாழப்பாடி, ஆத்தூர், எடப்பாடி பக்கம் நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் தைரியமாகப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார்கள். மரவள்ளியோ பாக்கோ போட்ட நல்ல நிலம், விலையும் கோடிக்கு மேல். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, காரணம் சட்டத்தில் இருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அதன் 31-ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த விலக்கு அது. அதே விலக்கால், கல்விக் கடனுக்கு அந்த நிலம் வங்கியின் கண்ணில் பெரும்பாலும் உதவாத சொத்தாகிவிடுகிறது. ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விளையும் சின்னத் தோட்டங்களுக்கும் இதே தயக்கம்தான். அரசு ஒப்படைப்பாகக் கொடுத்த நிபந்தனைப் பட்டா என்றால் இன்னும் கஷ்டம்.

வங்கி விரும்புவது வீடு, மனை, வைப்புநிதி. வீட்டிலும் கேள்விகள் உண்டு. அம்மாபேட்டையிலோ குகையிலோ பட்டுத் தறி போட்டிருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கிய இடம், அவர் பெயரிலேயே இருக்கிறது. அப்பாவோடு பிறந்தவர்கள் நான்கு பேர், அத்தை ஒருவர் பெங்களூரில். வங்கி மூலப்பத்திரம் கேட்கும், 30 ஆண்டு வில்லங்கச் சான்று கேட்கும், அதன் வழக்கறிஞர் லீகல் ஒப்பீனியன் எழுதுவார், பொறியாளர் வந்து மதிப்புப் போடுவார். வழக்கறிஞர் முதலில் கேட்பது வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் விடுதலைப் பத்திரமும். அத்தை கையெழுத்துப் போட சேலம் வர வேண்டும், அதற்கு முன் பழைய மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். இது பதினைந்து நாளில் முடிகிற வேலை இல்லை. ஆஃபர் லெட்டர் வந்த பிறகு தொடங்கினால் செமஸ்டர் தொடங்கிவிடும். பிள்ளை கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே பத்திரத்தைச் சரி செய்துவைப்பதுதான் நான் பெற்றோருக்குச் சொல்லும் முதல் யோசனை. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

சொத்துக்கு அடுத்தது வருமானம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் கூலி ரொக்கமாக வருகிறது, ரொக்கமாகப் போகிறது. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்த பழக்கம் பல வீடுகளில் இல்லை. இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடும் அப்பாவிடமோ அம்மாவிடமோ இரண்டு மூன்று ஆண்டு ரிட்டர்னை வங்கி கேட்கும். மூன்றையும் ஒரே வாரத்தில் தாக்கல் செய்து கொண்டுபோனால், அதிகாரி தொகையைவிடத் தேதியைத்தான் பார்ப்பார். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் ஆண்டிலிருந்து இதைத் தொடங்கிவிட்டால் பின்னால் கதவு திறக்கும்.

சொத்தும் இல்லை, ரிட்டர்னும் இல்லை என்றால் தனியார் நிதி நிறுவனங்கள் அடமானம் இல்லாமலே பெரிய தொகை தர முன்வரும். நல்ல பல்கலைக்கழகம், வேலைவாய்ப்புள்ள பாடம் என்றால் கிடைப்பதும் எளிது. வட்டி அரசு வங்கியைவிடக் கூடுதல், பரிசீலனைக் கட்டணமும் கூடுதல், படிக்கும்போதே வட்டியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வதும் வழக்கம். அவசரத்துக்கு அங்கே போவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசு வங்கியில் ஒரு முறையாவது விண்ணப்பித்துப் பார்க்காமல் போக வேண்டாம். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், மாவட்ட நிர்வாகம் முன்னோடி வங்கியோடு சேர்ந்து நடத்தும் கல்விக் கடன் முகாம்களிலும் கேட்கலாம். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி வேறு திட்டம். அது இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும்.

முழுச் செலவையும் வங்கி தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு மாதிரித் திட்டத்தில் 15 விழுக்காடு குடும்பத்தின் பங்கு. செலவு 36 லட்சம் என்றால் 5.4 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் அதையும் இந்தப் பங்கில் கணக்கு வைப்பார்கள்.

வட்டியைப் பற்றி ஒரு கணக்கு. இரண்டாண்டுப் படிப்பு, 30 லட்சம் கடன், 10 விழுக்காடு. முதலாண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம் வங்கி விடுவிக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. தனி வட்டியாகவே வைத்தாலும் அந்த மூன்று ஆண்டில் 7.5 லட்சம் ஏறிவிடும். 37.5 லட்சத்தைப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 49,500 ரூபாய். அந்த வட்டியை மாதாமாதம், முதலாண்டு 12,500, அப்புறம் 25,000 என்று கட்டிக்கொண்டு வந்திருந்தால் தவணை 39,650-க்குள் நின்றிருக்கும். மாதம் பத்தாயிரம் வித்தியாசம், பத்தாண்டுக்கு ஏறக்குறைய 12 லட்சம். முடிந்தவர்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டுவது நல்லது. கட்டிய வட்டிக்கு வருமான வரியில் உச்சவரம்பு இல்லாமல் எட்டாண்டு கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

அந்தத் தவணையை எந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவது என்பதுதான் நான் மிகவும் வற்புறுத்தும் கேள்வி. பலரும் டாலர் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் அனுமதி ஒவ்வோர் அரசின் கையில் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டாண்டாக இருப்பது 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகிறது. அதனால் பிள்ளை திரும்பி வந்து பெங்களூரிலோ கோவையிலோ வேலைக்குச் சேர்ந்தால் வரும் சம்பளத்தை வைத்துத் தவணையைப் போட்டுப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் நாட்டை மாற்றலாம், செலவு குறைந்த பல்கலைக்கழகம் பார்க்கலாம், இரண்டாண்டு இங்கே வேலை பார்த்துவிட்டுப் போகலாம்.

பகுதிநேர வேலையில் சமாளித்துக்கொள்வான் என்பது இன்னொரு நம்பிக்கை. பிரிட்டனில் படிப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கூலியில் அத்தனை மணி நேரமும் வேலை கிடைத்தால்கூட மாதம் 1,060 பவுண்டுக்குள்தான். லண்டனுக்கு வெளியே வாழவே 1,171 வேண்டும் என்று அந்த அரசே சொல்கிறது. ஆக, வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதிக்கு உதவும், டியூஷனுக்கு உதவாது. அமெரிக்காவில் முதலாண்டு வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை, அதுவும் வாரம் 20 மணி நேரத்துக்குள்.

பணத்தை அனுப்பும்போது இரண்டு இடத்தில் கசியும். சொந்தச் சேமிப்பிலிருந்து படிப்புக்கு அனுப்பினால், டி.சி.எஸ். என்ற முன்வரியை வங்கியே பிடித்துக்கொள்ளும்; 2025–26 நிதியாண்டில் அது 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டில் அப்பா 22 லட்சம் அனுப்பியிருந்தால் 60,000 ரூபாய். இது போய்விடும் பணம் அல்ல. அனுப்பியவரின் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்னில் கேட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை கையில் இருக்காது. வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் இந்தப் பிடித்தம் இல்லை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும் என்பதால் அனுப்பும் ஆண்டில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, மாற்று விலையில் வங்கி வைக்கும் லாபம். பவுண்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்றால் 18,000 பவுண்டில் 18,000 ரூபாய் போகிறது. இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் விலை கேட்டுவிட்டு அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ரூபாய் சரிவையும் மறக்க வேண்டாம். 2015-இல் டாலர் 64 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. கடன் ரூபாயில்தான் அனுமதிக்கப்படுகிறது. டாலருக்கு 4 ரூபாய் ஏறினால் 25,000 டாலர் இரண்டாமாண்டுக் கட்டணத்தில் ஒரு லட்சம் துண்டு விழும்.

ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஆலோசனை நிறுவனங்களில் பல இலவசமாக வழிகாட்டுகின்றன. அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. மாணவர் சேர்ந்ததும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் கமிஷனாகத் தருகிறது. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அப்படித் தருவதில்லை, அங்கே தனியார் பல்கலைக்கழகங்கள் தருகின்றன. ஜெர்மனி என்று கேட்டு உள்ளே போன பிள்ளைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வாங்கும் தனியார் கல்லூரியின் ஆஃபர் கையில் வருவது இதனால்தான். நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் கல்லூரிகளில் கமிஷன் இல்லாதது எது என்று நேராகவே கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறவர்களுக்குச் செலவு படிப்போடு முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சி, ஆங்கில வழி, போகும் முன் நீட் தேர்ச்சி. திரும்பி வந்து தகுதித் தேர்வு, அப்புறம் இங்கே இன்னும் ஓராண்டுப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் பல முறை தேர்ச்சி 30 விழுக்காட்டைத் தொடவில்லை. தேர்வுக்குப் படிக்கும் ஓரிரு ஆண்டுகளின் கோச்சிங், தங்கும் செலவையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை என்றதும் மார்க் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் என்று விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புக்குத் தேர்வானால் டியூஷன் இல்லாமல் மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும். வேலை அனுபவமும் நோக்கக் கடிதமும் அங்கே எடை போடப்படும். 1892 முதல் நடக்கும் ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகையும் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கானவை. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தரும் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு 125 இடங்கள், பழங்குடியினருக்குத் தனியாக 20 இடங்கள். சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர், அதனால் ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பட்டதாரி ஒருவர் இவற்றில் பழங்குடியினருக்கானவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். நிலத்தை வைத்துக் கடன் வாங்க முடியாத வீடுகளுக்கு இதுதான் நேர் வழி. பழங்குடியினர் சாதிச் சான்றைக் கோட்டாட்சியர் விசாரித்துத்தான் தருவார், அதற்கு மாதக்கணக்கில் ஆவது உண்டு. கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தோடு சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் எல்லாம் விண்ணப்பக் காலக்கெடுவுக்குள் கையில் இருக்க வேண்டும். இறுதியாண்டு தொடங்கியதுமே சான்றுக்கு மனுப் போட்டுவிட வேண்டும். அரசு முழுச் செலவையும் ஏற்கிறது என்ற கடிதம் வந்துவிட்டால் பிரிட்டன் விசாவுக்கு அதையே நிதிச் சான்றாக வைக்கலாம்.